இரண்டாம் முறுக்கு

தவராகினி மூன்றாம் தடவையாக வந்திருக்கிறா.
கீழ்த்தாடை, இடது பக்கம், முதற் கடைவாய்ப்பல்.
"நோகேல்லை டொக்டர், ஆடுது.
சோறு சப்பேக்கை
ஆரோ உள்ளுக்க கதவு திறந்து பூட்டுற மாதிரி."

எனக்கு நட்டுக் கழண்டுட்டுது எண்டு
கந்தோரில சொல்லி லீவு எடுத்தனான் என்கிறா.
சிரிக்கிறா.
நான் விரலை வைக்கிறேன்.
மேற்பல் அசைகிறது. அதன் கீழே
எலும்போடு எலும்பாகிவிட்ட தைத்தேனியம் அசையவில்லை.
பிழை இரண்டுக்கும் நடுவில்,
நெல்லுமணி நீளத் திருகாணியில்.

மாசியில் இறுக்கினேன். ஆவணியில் இறுக்கினேன்.
அப்போதே கேட்டேன்: ஒடியல் கடிச்சனீங்களோ? இல்லை.
நண்டுக்கால்? அது மற்றப் பக்கத்தால.
நித்திரையில் பல்லு நெருமுவீங்களோ?
"ஆர் கேட்டுச் சொல்லுறது,
தனியத்தானே படுக்கிறன்."

கிழமைக் கடன் கம்பனியில் அவவுக்கு வசூல் வேலை.
கோண்டாவில், இணுவில், ஏழாலை,
ஸ்கூட்டியை நிறுத்தி நிறுத்திப்
படலைக்குப் படலை பதமாகப் பேசவேண்டும்.
தவணைக் காசுக்கு ஈடாக
நாய்க்குட்டியைத் தூக்கிக் கையில் வைத்தாளாம்
ஏழாலையில் ஒருத்தி.

சொந்தப் பல்லென்றால் வேரைச் சுற்றி நரம்பிருக்கும்.
மிஞ்சினால் தாடையை விடச் சொல்லும்.
இந்தப் பல்லுக்கு அந்தத் தகவல் போவதில்லை.
கடிக்கக் கடிக்க வாங்கிக்கொள்ளும்,
இரவுக்கு இரவு
கண்ணுக்குத் தெரியாத அளவு
புரி பின்வாங்கும்.

இன்றைக்குப் போனோடு வந்திருக்கிறா.
தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்ததாம்.
முதலில் மின்விசிறி. கனநேரம் மின்விசிறி.
பிறகு, இரண்டு மணி பதினேழுக்கு,
சைக்கிள் ஸ்ராண்டைச் சீமெந்தில் இழுக்கிற சத்தம்.
தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பிள்ளை
தண்ணியை நிறுத்திவிட்டுப் பார்த்தது.
"இது நானோ?" என்றா தவராகினி.

பழைய திருகாணியை நான் திரும்பப் போடுவதில்லை.
புதியது. துவாரத்தை உலர்த்தி
எச்சில் படாமல் இறக்கி
முப்பத்தைந்தில் வைத்துத் திருப்பினேன்.
பிடி டிக்கென்று மடிந்தது.

இறுக்குவது என்று சொல்கிறோம்,
உண்மையில் இழுக்கிறோம்.
ஒரு மயிரின் தடிப்புக்கும் காணாத நீளம்
திருகாணி நீண்டு,
திரும்பிச் சுருங்கப் பார்த்துக்கொண்டே இருக்கும்.
பல்லைப் பிடித்திருப்பது அந்தப் பார்த்தல்தான்.
கூட இழுத்தால் உள்ளேயே முறியும்,
பிறகு துண்டை எடுக்க ஒரு பகல் போதாது.

"முடிஞ்சுதோ?"
இல்லை, இன்னொருக்கா முறுக்கவேணும்.
பத்து நிமிசம் சும்மா இருக்கவேணும்.
"வாயைத் திறந்தபடியோ?"
மூடலாம். கடிக்காதேங்கோ.

பலாலி வீதியில் பாண் ஓட்டோவின் பாட்டு
கந்தர்மடச் சந்தியில் திரும்பித் தேய்ந்தது.
அவவின் போன் அடித்தது, திரும்ப அடித்தது.
திரையில் "ஏழாலை நாய்க்குட்டி" என்றிருந்தது.
மூன்றாம் முறை அடிக்கையில்
கவிழ்த்து வைத்தா.
கை மட்டும் அதன் மேலேயே கிடந்தது.

அந்த நேரத்துக்குள்
உலோகத்தில் கிடந்த மேடுகள் நசிந்து படிந்திருக்கும்.
ஒரு கடியும் கடிக்கவில்லை, ஆனாலும்
இரண்டாம் முறை திருப்பியபோது
டிக்குக்கு முன்னால் கொஞ்சம் நகர்ந்தது பிடி.
நகராமல் இருந்ததே இல்லை.

துவாரத்துக்குள் வெள்ளை நாடா அடைத்தேன்.
"இது எங்கட தண்ணிக்குழாய்க்குச் சுத்துறதெல்லோ!"
அதேதான். ஸ்ரான்லி வீதி ஹார்ட்வெயார்க் கடையில் வாங்கி
கொதியாவியில் அவித்தது.
அதன் மேல் பல்நிறப் பசை, அதன் மேல் நீல வெளிச்சம்.

இரவுக் கவசத்துக்கு அச்செடுத்தேன்.
பழைய திருகாணியைக் கேட்டு வாங்கி
பற்றுச்சீட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டா.
"டொக்டர், நெருமாமல் பழகேலாதோ?"
எனக்குத் தெரியவில்லை. கவசம் வெள்ளிக்கிழமை வரும் என்றேன்.

அட்டையில் எழுதினேன்: புதுத் திருகாணி. 35, பிறகும் 35.
காரணம் என்ற கட்டத்தில்
இரவு என்று எழுதியிருந்தேன்.
வெளியே ஸ்கூட்டி உதைபடும் சத்தம்,
போனில் அவ, பதமாக:
"ஓமக்கா, சொல்லுங்கோக்கா."
பேனையை மூடவில்லை இன்னும்.