விடுபட்ட மாதங்கள்

ஓல்டன்பர்க் ஓய்வூதிய அலுவலகம், மூன்றாம் மாடி.
ஓ எழுத்தில் தொடங்கும் பெயர்களெல்லாம்
என் மேசைக்குத்தான் வரும்.

அவள் பிஸ்கட் டப்பாவோடு வந்தாள்.
ஹென்ரிக்கே ஓல்ட்மன்ஸ், பிறந்த ஊர் லேர்.
தொழில் என்ற கட்டத்தில்
கிளாரினெட் என்று எழுதியிருந்தாள்.
அது கருவி, தொழில் அல்ல என்றேன்.
ஆமாம் என்றாள்.
திருத்தவில்லை.

மீன் ஆலையில் ஹெர்ரிங்குக்குத் தலை வெட்டிய மூன்று வருடம்
முத்திரை பிசகாமல் இருக்கிறது கோப்பில்.
அதன்பின் வெள்ளைத்தாள்.

அறுபத்தொன்பது ஏப்ரலிலிருந்து
என்ன செய்தீர்கள்?
ஊதினேன்.
ஊதியம்?
டப்பாவைத் திறந்தாள்.

ஆன்ட்வெர்ப்பில் போட்ட பெட்ரோல்.
நாற்பது மார்க், சாப்பாடு உண்டு என்று
பீர் கோப்பை அட்டையின் பின்புறம் ஓர் ஒப்பந்தம்.
பாதி வாசிப்பில் யாரோ எறிந்த நாற்காலி
உடைத்த கண்ணாடிக்கு நஷ்டஈடு கேட்டு
குரோனிங்கனிலிருந்து ஒரு கடிதம்.
எண்பத்தொன்றில் முன்பல் கட்டிய செலவு.
பிளந்த சீவாளிகள் ஒரு கைப்பிடி,
இவை எதற்கு என்று கேட்டேன்.
இவையும் ரசீதுதான் என்றாள்.

எண்ணெய் காணாத கதவின் முனகல்
என்று பத்திரிகையில் ஒருவர் எழுதியிருக்கிறார்.
ஓரத்தில் பென்சிலால் அவள் கேட்டிருக்கிறாள்:
எந்தக் கதவு?

கிழக்கு எல்லையில் ஒரு காவலன்
கட்டையைக் கழற்றச் சொல்லி
உள்ளே ஒற்றைக் கண்ணால் பார்த்தானாம்.
அதற்கு ரசீது தரவில்லை.

ஃப்ரீ ஜாஸ் என்றால் என்ன,
படிவத்தில் எழுதவேண்டும் என்றேன்.
யோசித்தாள்.
பாட்டு தொடங்கப்போகிறது என்று
உங்களுக்குத் தோன்றும் ஒரு நொடி இருக்கிறதே,
அதிலேயே இரண்டு மணி நேரம் குடியிருப்பது.
கட்டம் சிறியது.
இசை என்று எழுதினேன்.

டப்பாவின் அடியில் ஒன்று கிடந்தது,
சந்தா பிடித்ததற்குச் சான்றோடு.
எழுபத்துமூன்று நவம்பர், பிரேமன் வானொலி,
ஒலிப்பதிவு, ஒருநாள் ஊழியம்.
தேதி இருந்த இடத்தில் மீன் எண்ணெயோ ஏதோ
ஊறிப் படிக்க முடியாமல் போயிருந்தது.

வானொலிக்கு எழுதினேன்.
ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது.
நாடா தட்டுப்பாட்டினால் அப்பதிவு அழிக்கப்பட்டு
மேலே ஒரு ஹாண்ட்பால் போட்டி பதியப்பட்டது.
வருந்துகிறோம்.
எனினும் போட்டி முடிந்தபின்
நாடாவின் வாலில் பதினொரு நொடி மிஞ்சியிருக்கிறது,
இத்துடன் இணைத்துள்ளோம்.

கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.
நிலைய அறிவிப்பாளர் கத்துகிறார்.
விசில்.
அரங்கம் முழுதும் எழுந்து கைதட்டுகிறது,
தட்டிக்கொண்டே இருக்கையில் சட்டென்று அறுந்து
ஒரு மூச்சு.
பிறகு கீழே, கட்டையின் அடிவயிற்றில்,
கப்பல் தளத்தில் எதையோ இழுப்பதுபோல்
ஒரே ஒரு ஸ்வரம்
நகரவும் இல்லை, நிற்கவும் இல்லை.
பதினொன்று.

மூன்று தடவை கேட்டேன்.
விதிப்படி ஒரு தடவை போதும்.

மாதத்தில் ஒருநாள் உழைத்திருந்தாலும்
முழு மாதமும் கணக்கில் சேரும் என்பது சட்டம்.
ஆக, நவம்பர் சேர்ந்தது.
மாதத்துக்கு எண்பத்தேழு சென்ட் கூடும்,
அவள் சாகும்வரை.

கையெழுத்துப் போட வந்தபோது
நாடாவைப் பற்றிச் சொன்னேன்.
கேட்கிறீர்களா என்றேன்.
வேண்டாம், அப்போது கேட்டதுதானே என்றாள்.
கொஞ்சம் கழித்து,
யார் ஜெயித்தார்கள்?

தெரியவில்லை,
விசில் சத்தம் மட்டும் தெளிவாக இருந்தது.

எந்த சுருதி?

இருபத்தாறு வருட சர்வீஸில்
யாரும் கேட்காத கேள்வி.
திறந்த கதவுக்கு வெளியே ஆட்கள் காத்திருக்க
உதட்டைக் குவித்து
விசிலடித்துக் காட்டினேன்.

தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
கட்டிய பல்லை நாக்கால் ஒருமுறை தொட்டுக்கொண்டு
இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும்,
மறுபடி என்றாள்.