மயிரிழை

துருவ மீன் செம்பனை ஆலைப் புகைபோக்கிக்குப் பின்னால்.
பகாவில் பிறந்து முப்பத்தாறு ஆண்டு, பார்த்ததே இல்லை.
அச்சைக் குத்துமதிப்பாய் நிறுத்துகிறேன்;
மிச்சத்தை வழிகாட்டிக் கேமரா பார்த்துக்கொள்ள வேண்டும்.

தனிக் குழாய் முந்நூறு வெள்ளி.
பெரிய குழாய் மயிரிழை தொய்ந்தாலும் இதற்குத் தெரியாது.
பட்டகம் வைத்த கருவி எழுநூறு:
ஒரே கண்ணில் இரண்டு பார்வை,
மங்கல் மீன் ஒன்று அகப்பட்டால் உண்டு.

"நடுவில் வாஷிங் மெஷின் நிற்கிறது, தெரிகிறதா?"
என்றாள் கோமளவல்லி.
குழாயையே வாங்கினேன்.

கோடு நேராய் ஓடியது, பதினொன்று வரை.
பிறகு பழக்குலை லாரி.
எந்தக் கருவி வாங்கியிருந்தாலும் துள்ளியிருக்கும்.

இப்போது எடைமேடைச் சன்னாசி
லாரி திரும்புமுன் மிஸ்டு கால் கொடுக்கிறான்.
கூலியாகச் சனியைக் காட்டச் சொன்னான்.
கண் வைத்தவன் நெடுநேரம் எடுக்கவில்லை.
"இவ்வளவு அழகா இருந்துக்கிட்டா
ஏழரை வருசம் என்னை ஆட்டுன?"