எந்தப் பக்கம்

எழுதலாம், அல்லது இயங்கலாம்.
நினைவகத்தின் ஒரே பக்கத்தில் இரண்டும் கூடாது.
செப்டம்பரில் இதைக் கெர்னலில் சேர்த்தவள் நான்.
பதினொரு வரி.
ட்ரோம்ஸோவில் அன்று மழை; யாரோ கேக் வாங்கி வந்தார்கள்.

ஜனவரியில், வடகோடி வார்தோ துறைமுகத்திலிருந்து
ஒட்வார் என்று ஒருவர்:
“காலை நான்கு மணிக்கு எடைமேடை செத்துவிட்டது.
ஒன்பது படகு வரிசையில் நிற்கிறது.
பெட்டியில் காட் மீன் விறைக்கிறது.
நாங்கள் எதையும் தொடவில்லை.
தொட்டது நீங்கள்.”

பிரித்துப் பார்த்தேன்.
அந்த நிரல் ஓடிக்கொண்டே தன்னைத் திருத்துகிறது.
பெட்டிக்குப் பெட்டி
பெருக்க வேண்டிய எண்ணைக்
கட்டளையின் வயிற்றுக்குள்ளேயே எழுதிவிட்டு
மை காயுமுன் அதன்மேல் நடந்து போகிறது.
என் கெர்னல் பார்த்தது. கொன்றது.
சரியாகத்தான் கொன்றது.

எழுதியவரைத் தேடிப் பிடித்தேன்.
ஹாமாரில் டயர் கடை வைத்திருக்கிறார் ப்ரின்யுல்ஃப்.
“நாற்பது பைட் மிச்சம் பிடித்தேன்” என்றார்,
பெருமையை மறைக்காமல்.
“அன்றைக்கு நினைவகம் விற்ற விலை அப்படி.”
மூலநிரல் இருக்கிறதா?
சக்கர நட்டு முடுக்கும் இயந்திரம் அலறியது.
பதில் காதில் விழவில்லை.
விழுந்திருந்தாலும் இல்லை என்றுதான் இருந்திருக்கும்.

“விதி என்றால் விதி” என்கிறாள் சுன்னிவா.
அவளுக்கு உரிமை உண்டு.
இரண்டு வருடம் முன்பு
படக்கோப்பு வேடத்தில் ஒன்று உள்ளே வந்தது;
திறந்து கிடந்த பக்கத்தில் தன்னை எழுதிக்கொண்டது;
எழுதியதை ஓட்டியது.
படகுப் போக்குவரத்துக் கம்பெனிக்குப்
பதினாறு நாள் டிக்கெட் இல்லை.
அந்த வட்டைக் கிளறியபடி
மூன்று இரவு தரையில் படுத்தவள் அவள்.

ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது.
எங்கள் பிழைப்பே
ஊசிக்குக் காது இல்லாமல் பார்த்துக்கொள்வது.
காதில்லாத ஊசியால்
எதைத் தைப்பது என்று
வார்தோவில் கேட்கிறார்கள்.

என் பக்கமா, அவர் பக்கமா?
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட் கொண்ட
ஒரு பக்கம். அவ்வளவுதான் சண்டை.

கடைசியில் ஒரு கொடி செய்தேன்.
அந்த ஒரே கோப்புக்கு; ஒரு பைட் மாறினாலும் செல்லாது;
நெட்வொர்க்கைத் தொட முடியாது.
ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பதிவேட்டில்
‘விதிக்கு வெளியே இயங்குகிறது’ என்று ஒரு வரி
எனக்கு வந்து சேர வேண்டும்.
சுன்னிவா கையெழுத்துப் போட்டாள். அன்று முழுக்கப் பேசவில்லை.

மார்ச்சுக்குள் நாற்பத்தொரு கொடி.
பல் மருத்துவரின் எக்ஸ்ரே,
ஒரு தேவாலயத்து மணி,
பெர்கனில் ஒன்பது பேர் மட்டும் ஆடும் ஒரு விளையாட்டு.
விதி ஒன்றுதான் பெற்றேன்.
விலக்கு குட்டி போட்டுக்கொண்டே போகிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்:
விடியுமுன் 3:52க்கு அந்த எச்சரிக்கை வரி வந்தால்
படகுகள் கரை சேர்ந்துவிட்டன என்று
எனக்குத் தெரியும்.
கண்ணை மூடித் திரும்பிப் படுப்பேன்.

இன்று ஞாயிறு. வார்தோவில் புயல்.
எந்தப் படகும் கடலுக்குப் போகவில்லை என்று
வானொலி சொன்னது.
பகல் 2:10.
ஒரு வரி வந்திருக்கிறது.

ஒட்வாரைக் கூப்பிடுகிறேன்.
மணி அடிக்கிறது.
அடித்துக்கொண்டே இருக்கிறது.