அன்னார்

களுவாஞ்சிக்குடியில் மரண அறிவித்தல் அடிக்கிற கடை என்னுடையது.
விளக்குப் படம் போட்ட கோப்பில் "சிவபதமடைந்தார்".
சிலுவைக் கோப்பில் மயானம் என்று அடித்துவிட்டால்
கல்லாற்றுப் பாதர் பேனையால் வெட்டுவார்:
சேமக்காலை, தம்பி.
மையவாடிக்கு நான் தேவையில்லை.
பள்ளி ஒலிபெருக்கி சொல்லி
நான் கணினியைத் திறப்பதற்குள்
கபுறு மூடியாகிவிடும்.

சுகிர்தன் வந்தது செவ்வாய் மத்தியானம்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
பிள்ளை நாலு மணித்தியாலம் இருந்ததாம்.
ஆஸ்பத்திரித் துண்டில் "பெண்" என்று மட்டும்.

கோப்பைத் திறந்தேன்.
"அமரர்", அதற்குப் பின்னால் பெயருக்கு இடம்.
"அன்னார்", நாலு மணித்தியாலத்துக்கு மரியாதைப் பன்மை.
அன்பு மனைவியும், பாசமிகு தாயாரும்,
மைத்துனியும், பேத்தியாரும்...
ஒவ்வொரு வரியாக அழித்தேன்.
அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தகனமா?"
"பல்லு முளைக்காததை எரிக்கிறல்லயாம்.
பறையுமில்ல, எட்டுமில்ல, முப்பத்தொண்டுமில்ல.
மாமா கையிலயே கொண்டுபோவார்."
பாடைக்கும் வேலையில்லை.

மிஞ்சியது "புதல்வி".
அதைத் திரையில் தொட்டார்,
விரல் ஈரம் அப்பிக்கொண்டது.
"மகள் எண்டு போடுங்க."

எத்தனை பிரதி? பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
"ஒண்டு.
அவ இன்னும் வாட்டில. எழும்பேலா.
அவக்குக் காட்டணும்."

அச்சு வந்தது. சூடாறும் மட்டும் பிடித்திருந்தார்.
கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி.
வேண்டாம் என்பதை அழுத்தினேன்.

அறுபது ரூபா.
வாங்கினேன்.