பணத்தின் வாசம்

மூக்கும் முழியுமாய்ப் பிறந்தவன்தான்.
ஏழு வயதுக்குள் மூக்குத்தண்டு அகன்று
முழி இரண்டும் சற்றே விலகிவிட்டன.
புகைப்படங்களை வரிசையாகப் பரப்பியபோதுதான்
எனக்கே தெரிந்தது.

சோல்வி வாய் திறந்து தூங்குவான்.
அவன் குறட்டைக்கு அப்பால்
படகுத்துறை, பனி, நான் வேலை செய்யும் மீன்மாவு ஆலை.
ஹெர்ரிங் வந்து இறங்கும் மாதங்களில்
புகை மலைகளுக்கு நடுவே சிக்கி
ஊரே நாறும்.
மூக்கைப் பொத்தும் வெளியூர்க்காரரிடம்
பணத்தின் வாசம் என்போம், சிரிப்போம்.
இங்கே வாசம் செய்பவர்களில்
அந்த வாசம் அறியாதவன் அவன் ஒருவன்தான்.
கருகிய ரொட்டியை அறியான். திரிந்த பாலையும்.

பிறந்த வாரம் நெற்றியில் முத்தமிட்டு
உப்புக் கரிக்கிறது என்றேன்.
கடலோரப் பிள்ளை அப்படித்தான் என்றான் அவன் அப்பா.
வியர்வையைச் சோதித்தவர்கள் வேறு பெயர் சொன்னார்கள்.
அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை,
அது எல்லாக் காகிதத்திலும் இருக்கிறது.

ரெய்க்யாவிக்கில் டாக்டர் ஸ்டெய்ன்வோர்
திரையை என் பக்கம் திருப்பினாள்.
தோல் உரித்த திராட்சைகள்,
ஈரமாய், வெளிறி, வழி முழுக்க.
எடுத்தால் திரும்ப வளருமா?
"வளரும்."
எப்போது?
அதற்கு மட்டும் தோளைக் குலுக்கினாள்.

மயக்க முகமூடிக்கு என்ன மணம் வேண்டும்,
ஸ்ட்ராபெரியா, வாழைப்பழமா? நர்ஸ் கேட்டாள்.
இரண்டில் எது சிவப்பு என்று விசாரித்து
அதைத் தேர்ந்தெடுத்தான்.

இரண்டு மணி இருபது நிமிடம்.
காத்திருக்கும் அறையில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள்.
நான் எழுந்து வெளியே போனேன்.

பஞ்சை எடுத்து, உப்புநீர் பீய்ச்சி,
கட்டி கட்டியாய் ரத்தம் சிந்தி, அழுது, என்னை அடித்து,
பதினோராம் நாள் ஊர் திரும்பினோம்.
சுரங்கப்பாதை கடந்து கார் இறக்கத்தில் வரும்போது
"அம்மா, நிறுத்து!
ஏதோ செத்துக் கிடக்கிறது."

எதுவும் சாகவில்லை, ஆலை ஓடுகிறது என்றேன்.
"தினமுமா?"
தினமும்.
என் கையை முகர்ந்தான், கழுத்தை, தலைமுடியை,
நாய்க்குட்டி மாதிரி, வெட்கமே இல்லாமல்.
"நீயும்தான்" என்றான்.
மூக்கின் மேல் மூன்று சுருக்கம் விழுந்தது.
அவன் முகத்தில் அதுவரை நான் பார்த்திராத மூன்று கோடுகள்.
எவ்வளவு நேரம் சாலையோரம் நின்றோமோ,
பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்.

மார்ச் மாதம் மறுபடி வாய் திறந்து தூங்கத் தொடங்கினான்.
ஸ்டெய்ன்வோருக்குப் போன் செய்யவில்லை.
துவைக்காத ஆலைச் சட்டையை
அவன் அறைக்கதவில் மாட்டிவிட்டுப் படுத்தேன்.
விடியலில் கத்தினான்:
"அம்மா, அதை எடு!"

எடுத்தேன்.
மறுநாள் இரவும் மாட்டினேன்.