ஒற்றைப் பத்தி

மனாமாவில் ஆங்கில நாளிதழ் ஒன்றின் இரவு மேசை.
எனக்கு மூன்றாம் பக்கம்.
காவல்துறைக் குறிப்புகள் ஒன்பதரைக்கு மேல் வரும்,
அரபியிலிருந்து பெயர்த்தவை,
பெயர் இல்லாதவை.

சேர்ந்த வாரமே கொரெயா விதியைச் சொன்னார்:
இந்தியன் என்று போடாதே, தூதரகம் பேசும்.
பங்களாதேஷி என்று போடாதே, அவர்களும் பேசுவார்கள்.
ஏசியன் என்று போடு.
ஏசியனுக்குத் தூதரகம் கிடையாது.

போட்டுவருகிறேன்.
முஹர்ரக்கில் சாராயம் காய்ச்சிய ஏசியன்.
சிவப்பு விளக்கைத் தாண்டிய ஏசியன்.
பாலத்தடியில் மிதந்த, அடையாளம் தெரியாத ஏசியன்
(ஒரே பொருளுக்கு எதற்கு இரண்டு சொல் என்று
கொரெயா முன்னதை வெட்டினார்).

வரைபடத்தை விரித்தால்
இந்த மேசையே ஆசியாவில்தான் நிற்கிறது.
நீதிபதியும் ஆசியா, அவர் காரும்
கார் நிற்கும் பேரீச்ச நிழலும் ஆசியா.
ஜப்பான்காரர் வங்கி திறக்க வந்தால் ஜப்பானியர்.
நம் ஆளுக்கே குலுக்கலில் பத்து லட்சம் விழுந்தால்
அன்று பெயர் உண்டு, மாவட்டம் உண்டு,
அட்டைக் காசோலையோடு பல் தெரியும் படம் உண்டு.
விழுந்தது பணமாக இல்லாமல் ஆளாக இருந்தால்
ஏசியன்.

பிப்ரவரியில் ஒரு குறிப்பு.
ஹித்து பக்கம் கட்டடம், ஆறாவது மாடி,
வயது முப்பத்துநாலு. மொத்தம் நான்கு வரி.
தலைப்புக்கு ஒற்றைப் பத்தி,
இடைவெளியோடு பதினெட்டு எழுத்து தாங்கும்.
'ஏசியன் டைஸ் இன் ஃபால்.'
ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள், சரியாகப் பதினெட்டு.
அளவெடுத்துத் தைத்த மாதிரி.
திருப்தியாகக்கூட இருந்தது, மறைத்து என்ன.

மறுநாள் மேசைத் தொலைபேசியில் ஒருவன்.
முதலில் இந்தி. என் இந்தியைக் கேட்டதும் தமிழ்.
"மேடம், நேத்து பேப்பர்ல போட்ட ஏசியன், அது தமிழா?"
தெரியாது என்றேன்.
"மூக்குல தழும்பு, அப்படி எதாச்சும் எழுதியிருந்தாங்களா?"
இல்லை. வயது மட்டும்தான், முப்பத்துநாலு.
பின்னால் ஏதோ மெஷின் சுற்றும் சத்தம்.
"எங்க ரூம் ஆளுக்கு முப்பதுதான் மேடம்."
எனக்கு மூச்சு வந்தது.
"ஆனா பாஸ்போர்ட்ல நாலு ஏத்திப் போட்டிருக்கு."

பெயர் கேட்டேன். பூவராகன்.
ஸ்ரீமுஷ்ணம் பக்கம் என்று தொடங்கினான்,
லைன் அறுந்தது.

காவல் தொடர்பு அலுவலரைக் கூப்பிட்டேன்.
"குடும்பத்துக்குத் தெரியும் முன்னே
பெயரைச் சொல்வது முறையல்ல, சகோதரி."
மரியாதையாகத்தான் சொன்னார். அதிலும் நியாயம் இருக்கிறது.
எந்தக் குடும்பத்துக்கு என்று கேட்க
வைத்த பிறகுதான் தோன்றியது.

வந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்தால்
சலவைக்கடைக்காரர் எடுக்கிறார், மலையாளி.
தமிழர்கள் நிறையப் பேர் வந்து பேசுவார்கள்,
இவர் எந்தத் தமிழர் என்கிறார்.

அது பூவராகன் இல்லாமலும் இருக்கலாம்.
அவன் வேறு கம்பெனிக்கு ஓடிப்போய்
வேறொரு ரூமில், வேறொரு வயதில்
தூங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆனாலும் நேற்றிரவு பக்கம் அச்சுக்குப் போன பிறகு
திருத்தப்படியின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்,
ஆங்கிலத்தில், 'பூவராகன் டைஸ்' என்று.
பதினைந்து எழுத்து. தாராளமாகக் கொள்கிறது.
பிறகு 'டைஸ்' என்பதை அடித்தேன்,
அது எனக்குத் தெரியாது.
பெயர் மட்டும் பத்து.
மீதி எட்டு எழுத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது.

போகும்போது விளக்கை அணை என்றார் கொரெயா.