ஏழாம் எண் பொட்டலம்

சுண்டைக்காய் அளவு உருண்டை.
ஊலுவில் ஐனிக்கி அதை ஹைட்ரஜனில் வாட்டி எடுத்தாள்.
கரியில்லை. புகையில்லை.
குழாயின் மறுமுனையில் சொட்டியது தண்ணீர்தான்.
ஒரு வாய் குடித்துப் பார்த்தாளாம்:
"ருசியே இல்லை, நம் காலாண்டு அறிக்கை மாதிரி."

பிறகு உருண்டைகளைப் பொட்டலம் கட்டினாள்.
ஒஸ்ட்ராவாவில் எனக்கு ஒன்று,
அவிலெஸில், கடலோரம், டெல்வாவுக்கு ஒன்று.
தாது எத்தனை பங்கு இரும்பாகியிருக்கிறது?
கேள்வி அவ்வளவுதான்.

ஐனிக்கி: நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.
நான்: தொண்ணூற்று மூன்றரை.
டெல்வா: எண்பத்தொன்பது.

சுண்டைக்காய் விஷயம் என்று விட்டுவிடலாம்.
ஆனால் அந்த ஐந்து பங்கின் முதுகில்தான்
இன்னும் கட்டப்படாத ஓர் உலை
வரைபடமாக உட்கார்ந்திருக்கிறது.

திங்கட்கிழமைகளில் திரையில் கூடுவோம்.
மூவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்
மரியாதையாகச் சண்டை போடுவோம்.
"உன் தராசு கெட்டது" என்று யாரும் சொல்வதில்லை.
"தராசையும் ஒருமுறை பார்த்துவிடலாமோ" என்போம்.
டெல்வா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள்.
துடைத்துக்கொண்டே இருப்பாள்.
"எண்பத்தொன்பது" என்பாள் மறுபடி.

ஓட்டகர் கல்கரிச் சூளையில் இரவு வேலை.
காலை ஆறு மணிக்கு வருவான்,
காதுமடிப்பில் கரியோடு.
எத்தனை சோப்பு போட்டாலும் காதுமடிப்பு மட்டும்
தொழிற்சாலைக்குச் சொந்தம்.
பந்தாட்டக் கணக்குக் கேட்பதுபோல் கேட்பான்:
"இந்த வாரம் எவ்வளவு?"
"தொண்ணூற்று மூன்றரை."
"அப்போ எனக்கு இன்னும் ஆறரை இருக்கு"
என்று ரொட்டியில் வெண்ணெய் தடவுவான்.
சிரிப்போம். இருவரும்தான்.

நான்காம் வாரம் டெல்வா ஒரு படம் அனுப்பினாள்.
உருண்டையை அறுத்து, நுண்ணோக்கியில் வைத்து எடுத்தது.
உள்ளே சாம்பல் நிறம், பஞ்சுபோல் துளைகள்.
விளிம்பைச் சுற்றி மட்டும் பழுப்புக் கறை,
தேநீர்க் கோப்பையில் விழுவதுபோல.
பொட்டலத்தின் மடிப்பில் ஊசிமுனைக் கிழிசல்.
துறைமுகக் கிடங்கில் பதினொரு நாள்
கடற்காற்றைக் குடித்திருக்கிறது.

புது இரும்புக்குத் தாய்வீட்டு ஏக்கம் அதிகம்.
கொஞ்சம் ஈரம் கிடைத்தால் போதும்,
மண்ணாகவே திரும்பப் பார்க்கும்.

ஆக, யார் தராசிலும் பிழையில்லை.
அவரவர் கைக்கு வந்ததை அவரவர் சரியாகவே நிறுத்தோம்.
பிழை வழியில் இருந்தது.
ஐனிக்கி வெகுநேரம் பேசவில்லை.
பிறகு "பொட்டலம் கட்டியது நான்" என்றாள்.
"அறுத்துப் பார்க்க நாலு வாரம் எடுத்தது நான்" என்றாள் டெல்வா.
நான் அவளை நம்பியிருக்கவில்லை.
அதைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

ஏழாம் எண் பொட்டலம் ஆர்கன் அடைத்து வந்தது,
மூன்று உறை போட்டு.
ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாதபடி
ஒரே நிமிடத்தில் அனுப்பினோம்.
தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று நான்கு.
தொண்ணூற்று மூன்று புள்ளி ஒன்பது.
திரையில் டெல்வா கண்ணாடியைக் கழற்றினாள்.
இந்த முறை துடைத்தது கண்ணை.

மிஞ்சிய உருண்டை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
இரும்பு பிடித்த கை சும்மா இராது என்பது சரிதான்.
ஓட்டகர் அதை உருட்டினான், முகர்ந்தான்,
ஃப்ரிட்ஜில் மின்கட்டண ரசீதைப் பிடித்திருந்த
காந்தத்தருகே கொண்டுபோனான்.
டக்.
தாது என்றால் இப்படித் தாவியிருக்காது.
எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அன்று அவன் எண்ணைக் கேட்கவில்லை.
காதைக் கழுவினான், நெடுநேரம்.

உருண்டை அங்கேயே ஒட்டியிருந்தது.
மூன்றாம் நாள் காலை, கெட்டிலின் ஆவி பட்டுப் பட்டு
ஒரு பக்கம் லேசாகப் பழுத்திருந்தது.
பழக்கதோஷம்,
ரசீதின் பின்புறம் குறித்துவைத்தேன்:
ஆறு மணி பத்து நிமிடம்.
சமையலறை. ஈரம் அதிகம்.
ஓட்டகர் இன்னும் வரவில்லை.